நெடுந்தீவில் ஒரு கைத்தொலைபேசியின் முதல் மாதம்

நெடுந்தீவு மருத்துவமனையின் அயலிலே ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. சுவரெங்கும் சிறு சிறு பொந்துகள் வரிசையாக அமைந்த அதனை ஊரவர் புறாக்கூடு என்பர். செய்தி கொண்டு பறக்கும் புறாக்கள் அங்கே வளர்க்கப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பார்க்க வருவோர் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டு, அடுத்த கணமே அப்படத்தைப் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டுப் போகின்றனர். புறாக்கள் இருந்திருந்தால் அவை என்ன நினைத்திருக்கும் என்பது ஒருபுறமிருக்க, கடலாற் சூழப்பட்ட ஊருக்குச் செய்தி என்பது எத்துணை அருமையான பொருளாய் இருந்தது என்பதற்கு அக்கட்டடமே சாட்சி.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலின் மீது செல்லும் தாம்போதியைக் கடந்தால் வேலணை. அங்கிருந்து இன்னொரு தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மேற்கு அந்தத்திலே குறிகட்டுவான் இறங்குதுறை. அவ்வளவோடு தரைவழி முடிந்துவிடும். நயினாதீவுக்குக் கால் மணி நேரக் கடற்பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்னும் படகுகளின் பெயர்களை அறியாத பிள்ளை நெடுந்தீவில் இல்லை. படகு வந்தால் கடிதம் வரும்; சோளகக் காற்று மிகுந்து படகு நின்றால் கடிதமும் நிற்கும். 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தையும் தொலைபேசியையும் இழந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய தாய்மார், வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், 'கொமினிக்கேசன்' என்று வழங்கிய கடைகளிலே வரிசையிற் காத்து நின்ற காலமும் உண்டு. தென்னாசியாவிலேயே முதலாவதாக 1989 இல் இலங்கையிலே கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கியது என்று பெருமையாகச் சொல்லப்படும். ஆனால் அது யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வேண்டியிருந்தது.

இப்பொழுது தீவகத்திலே ஏறத்தாழ வீட்டுக்கொரு கைத்தொலைபேசி உண்டு. ஆயினும், பொத்தான்கள் வைத்த பழைய பேசியிலே பேசிப் பழகிய ஒரு முதியவரின் கையில், அவ்வாண்டு வெளிவந்த புத்தம் புதிய திறன்பேசி ஒன்று வந்து சேர்ந்தால் முதல் மாதம் எப்படிக் கழியும்? இதனைப் பார்ப்பதற்கு நெடுந்தீவுத் தாயார் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வது நன்று. அவர் கற்பனைப் பாத்திரமே. எனினும் அவரை ஒத்தவர்களைத் தீவகத்தில் எந்த ஒழுங்கையிலும் காணலாம். வயது எழுபதைத் தாண்டியவர். தமிழிலே எட்டாம் வகுப்புவரை படித்தவர். மகன் கனடாவில், மகள் உடனிருக்கிறாள், மகளின் மகனுக்குப் பதினான்கு வயது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மகன் தந்தனுப்பிய சிறு பெட்டியைக் கோயில் வீதியிலேயே அம்மையாரின் கையிற் கொடுக்கிறார். சோளகக் காலம்; படகின் மீது அலை நீர் தெறிக்கின்றது. "தண்ணி பட்டாலும் ஒன்றும் செய்யாதாம் அம்மம்மா" என்கிறான் பேரன். இஃது அரை உண்மை. ஐபி 68 என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் தரம், தூசு புகாமையையும் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்து நீரைக் குறித்த நேரம் தாங்குவதையும் காட்டுவது. அச்சோதனை நன்னீரிலே நடப்பது. கடல்நீரின் உப்பு மின்னேற்றும் துளையின் உலோக முனைகளை அரித்துவிடும். நன்னீருக்கு அஞ்சாத பேசியும் உவர்நீருக்கு அஞ்சத்தான் வேண்டும். நனைந்த பேசியை அரிசிப் பானையிற் புதைத்து வைக்கும் வழக்கத்தையும் கைவிடுதல் நல்லது. அரிசியின் நுண்துகள் உள்ளே புகுந்து கேடு விளைக்கலாம் என்று அப்பிள் நிறுவனமே 2024 இல் அறிவுறுத்தியது. படகுப் பயணத்துக்கு ஒரு பொலித்தீன் பை போதுமானது. அம்மையார் அதைத்தான் செய்தார்; பேரன் சொன்னதை நம்பியதாகக் காட்டிக்கொண்டு, பெட்டியைப் பையிலிட்டு முடிச்சுப் போட்டு மடியில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது முதலாவது ஏமாற்றம். பேசி இருந்தது, மெல்லிய வடம் ஒன்று இருந்தது, சுவரிலே செருகும் மின்னேற்றியைக் காணவில்லை. உறவினர் அதை எடுத்துவிட்டாரோ என்று மகள் ஐயுற்றாள். பாவம், அவர் குற்றமற்றவர். 2020 ஒக்ரோபரில் வெளிவந்த ஐபோன் 12 தொடக்கம் அப்பிள் நிறுவனம் மின்னேற்றியைப் பெட்டியில் வைப்பதை நிறுத்தியது. 2021 தொடக்கத்தில் சாம்சங் நிறுவனமும் தன் உயர்தரப் பேசிகளில் அவ்வாறே செய்தது. சூழலுக்கு நன்மை, வீட்டிலே பழையது இருக்கும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். வீட்டிலே பழையது இருந்தது உண்மை. ஆனால் அதன் வாய் அகன்றது. புதிய வடத்தின் இரு முனைகளும் சிறிய 'சி' வகை. அனுப்பும்போது மகன் மின்னேற்றியையும் சேர்த்து வைத்திருந்தாலும் பயன் இராது. கனடாச் செருகியின் முனைகள் இரண்டும் தட்டையானவை. நெடுந்தீவு வீட்டுச் சுவரிலிருப்பதோ மூன்று வட்டத் துளைகள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய பேசிகள் யாவும் 'சி' வகைத் துளையே கொண்டிருத்தல் வேண்டும் என்று விதித்தமையால், இன்னும் சில ஆண்டுகளில் ஒரே வடம் எல்லாவற்றுக்கும் பொருந்தலாம். அதுவரை தீவகத்தாருக்கு ஒரு மின்னேற்றி என்பது ஒரு நாட் பயணம். அதிகாலைப் படகேறி, குறிகட்டுவானில் பேருந்து பிடித்து, யாழ்ப்பாண நகரத்துக் கடையில் வாங்கி, பிற்பகற் படகுக்கு ஓடி வந்தாள் மகள். அதே பயணத்திலே, பழைய பேசியிலிருந்த பெரிய சிம் அட்டைக்குப் பதிலாகச் சிறிய அட்டையும், தாயாரின் அடையாள அட்டையைக் காட்டி, மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மையாரே நேரில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தால் இரண்டாவது பயணமும் நேர்ந்திருக்கும்.

(வெளிநாட்டிலிருந்து பேசி தருவிப்போர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். வெளியிலிருந்து வரும் கருவிகளை இலங்கையிற் பதிவு செய்வது பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விதிகள் வகுத்துள்ளது. அனுப்பு முன்னரே கேட்டறிந்துகொண்டால் பின்னர் அலைச்சல் இல்லை.)

ஐந்தாம் நாள் பேசி உயிர்பெற்றது. அன்று மாலை ரொறன்ரோவிலே விடியற்காலை. வட்ஸ்அப்பில் மகனின் முகம் தோன்றியது. பேசும் செய்தியாகவும் எழுதும் செய்தியாகவும் இருந்த அச்செயலி 2016 நவம்பரிலே முகம் பார்க்கும் செயலியாகவும் மாறியது; அதற்கு முன்னரே தீவகத்து வீடுகளில் வைபர் புகுந்திருந்தது. எனினும், பழைய பொத்தான் பேசியையே வைத்திருந்த அம்மையாருக்கு, அயலார் வீட்டுத் திரையில் ஆண்டுக்கு இரண்டொரு முறை கண்ட முகம் அது. இப்பொழுது சொந்தக் கையிலே.

"என்ன தம்பி, தலை நரைச்சுப் போச்சுது?"

மகன் சிரித்தான். தாயார் சிரிக்கவில்லை. மகன் முதுமை எய்துவதை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கண்டு பழகியிருந்தால் அது துயராய் இராது. ஆண்டுகளை ஒரே மாலையிற் கண்டதுதான் அவரைத் தாக்கியது. புதிய கருவியின் கூர்மையான திரையைப் பற்றி விளம்பரங்கள் பலவும் சொல்லும். இதனைச் சொல்வதில்லை.

முதல் இரண்டு வாரங்களும் பேசி உண்மையிலே யாருடையதாக இருந்தது என்று கேட்டால், பேரனுடையது என்பதே விடை. திரையைத் திறக்கும் இரகசிய எண்ணை வைத்தவன் அவன். பெயர்களைப் பதிந்தவன் அவன். டேட்டா தீர்ந்தபோது ரீலோட் போடச் சொல்லியவன் அவன். அது விரைவிலே தீர்ந்ததற்குக் காரணமாய் இருந்தவனும் அவனே. யூரியூப்பின் பசி சிறியதன்று. மாமாவின் அழைப்பு வரும்போது பேசியை நீட்டிப் பிடித்து நிற்பான். முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அம்மையாரும் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த வித்தை, நமக்கெதற்கு என்றிருந்தார்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகியன தாம்போதிகளாற் குடாநாட்டோடு பிணைந்தவை. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் அவ்வாறல்ல. தேசிய மின்வலை எட்டாத அத்தீவுகளிலே டீசல் இயந்திரங்களே நெடுங்காலம் மின்சாரம் தந்து வந்தன. சூரிய ஒளியையும் காற்றையும் மின்கலங்களையும் சேர்த்து அம்மூன்று தீவுகளுக்கும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையுடன் 2022 இல் உடன்பாடு ஏற்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மின்சாரத்தின் அருமை அறிந்த ஊர் ஆதலால், வெளிச்சம் இருக்கும்போதே பேசியை நூறு வீதம் நிரப்பி இரவெல்லாம் செருகி வைப்பது அங்கு வழக்கம். ஆனால் பேசியினுள் இருக்கும் இலிதியம் மின்கலம் நீர்க்குடம் போன்றதன்று. எப்பொழுதும் விளிம்புவரை நிறைந்திருப்பதும் வெப்பத்திற் கிடப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். எண்பது வீதத்தோடு நிறுத்திவிடும் ஏற்பாடு புதிய பேசிகள் பலவற்றில் உண்டு. தகரக் கூரையின் கீழ், யன்னல் வெயிலிலே வைத்து மின்னேற்றாதிருத்தல் அதனிலும் பெரிய உதவி.

மூன்றாம் வாரத்திலேதான் உண்மையான இடர் தொடங்கியது. ஒரு மாலை மகன் திரையிலிருந்து மருமகனைப் பார்த்து, "உன்னை இஞ்சை எடுப்பன், யோசியாதை" என்று அன்பாகச் சொல்லிவிட்டான். மாமன் சொல் அல்லவா? மறுநாள் முதல் பையனின் புத்தகங்கள் மூடியே கிடந்தன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டே ஆண்டு இருக்கும் பிள்ளை, ரொறன்ரோ நகரத்தின் தெருக்களைத் திரையிலே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினான். அம்மையாருக்கு மகனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது: பிள்ளையிடம் இவ்வாறு சொல்லாதே, உன்னால் இயலுமா இயலாதா என்பது உனக்கே தெரியாது, படிப்பு முடியட்டும். ஆனால் எப்படிச் சொல்வது? அழைப்பை எடுத்துத் தருபவன் பேரன். பக்கத்தில் நிற்பவன் பேரன். செய்தி எழுதுவதாயினும் எழுதப்போகிறவன் பேரனே.

முன்னாளிலே இந்த இடர் இருந்ததில்லை. நீல நிற வான்கடிதத்தின் உட்புறம் முழுவதும், மடிக்கும் ஓரம்வரை, அம்மையார் தம் கைப்பட எழுதி ஒட்டி அஞ்சலிற் சேர்ப்பார். அது போய்ச் சேர வாரங்கள் சென்றன; ஆனால் எழுதியவரும் படித்தவரும் தவிர மூன்றாமவர் இல்லை. இப்பொழுது செய்தி கண் இமைக்கு முன் போகின்றது; நடுவிலே ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

இன்னும் ஒரு வேடிக்கை. மகனும் மருமகளும் குடும்பக் குழுவிலே நாள்தோறும் எழுதுகிறார்கள், எழுதுவதும் தமிழே, ஆனால் ஆங்கில எழுத்திலே. பேரன் அதனை மளமளவென்று வாசிக்கிறான். புராணமும் பத்திரிகையும் படிக்கும் அம்மையாரால் ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை. தம் தாய்மொழியிலே தம் பிள்ளை தமக்கு எழுதியதைப் படித்துக்காட்டப் பிறரை வேண்டி நிற்கும் நிலை, எழுத்தறியாதவருக்கு நேர்வது. எழுத்தறிந்தவரையும் அந்நிலைக்குத் தள்ளுவது கருவியின் குற்றமா என்றால், அன்று. 1991 இல் வெளிவந்த யூனிக்கோட் எழுத்துக் குறியீட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரிலே வெளியிடப்பட்டு, கைத்தொலைபேசியிலே தமிழில் எழுதவும் படிக்கவும் வழி திறந்தது. திறன்பேசிகளின் தொடக்க காலத்திலே தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாய்த் தோன்றியதுண்டு, அக்காலம் போய்விட்டது. இன்று விற்கப்படும் எந்தப் புதிய பேசியினுள்ளும் தமிழ் இருக்கின்றது. கடைக்காரரும் திறப்பதில்லை, அனுப்பிய மகனும் திறப்பதில்லை, வீட்டுப் பிள்ளையும் திறப்பதில்லை, அவ்வளவே. பழக்கத்தின் சோம்பலைத் தொழில்நுட்பத்தின் தலையிற் சுமத்துவது நீதியாகாது.

அம்மையாரின் பேசியிலே அதைத் திறந்து கொடுத்தவர் அயல்வீட்டிலுள்ள இளம் ஆசிரியை. தமிழ் விசைகளைக் காட்டியபோது அம்மையார் மலைத்தார். க வேறு, அதன் கால் வேறு, கொம்பு வேறு என்று தேடித் தேடி அழுத்துவதற்குள் திரை அணைந்தது. குரலிற் சொன்னால் எழுதும் வசதியிலே 2017 முதல் தமிழும் உண்டு என்று ஆசிரியை சொன்னார். அதுவும் உதவவில்லை. இரகசியத்தை உரக்கச் சொல்லி எழுதுவிப்பது எப்படி? தவிரவும், நெடுந்தீவுப் பேச்சைக் கேட்ட கருவி எழுதிய சில சொற்களைக் கண்டு இருவரும் சிரிக்க நேர்ந்தது.

பிறகு கிடைத்ததுதான் மூன்றாவது வழி. கூகிள் விசைப்பலகையின் அமைப்பிலே மொழிகள் என்னும் பகுதிக்குச் சென்று, தமிழைத் தெரிந்து, அதன்கீழ் உள்ள கையெழுத்து என்னும் வகையைச் சேர்த்துக்கொண்டால், விசைகளுக்குப் பதிலாக ஒரு வெறும் இடம் தோன்றும். அதிலே விரலால் எழுதினால் அச்செழுத்தாக மாறும். அம்மையார் சுட்டுவிரலால் 'அ' என்று எழுதினார். திரையிலே அ தோன்றியது. விசயதசமி நாளிலே தட்டிற் பரப்பிய பச்சையரிசியின் மீது ஐயர் பிடித்து எழுதுவித்த அதே விரல்; அதே எழுத்து. பிறகு அவருக்கு யாரும் எதுவும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்துகளைப் பெரிதாக்கும் வழியையும், திரை அணையும் நேரத்தை நீட்டும் வழியையும் தாமே கேட்டு அறிந்துகொண்டார். இரகசிய எண்ணையும் மாற்றுவித்தார். ஆசிரியை போகுமுன் ஒன்றை வற்புறுத்தினார்: ஆறு இலக்க எண் ஒன்று செய்தியாக வந்து, யாராவது அழைத்து அதனைக் கேட்டால், சொந்தக்காரரின் பெயரைச் சொன்னாலும் கொடுக்கக் கூடாது, அந்த எண் கைமாறினால் வட்ஸ்அப்பே கைமாறிவிடும். "என்ரை மகன் கேட்டாலுமோ?" என்றார் அம்மையார். "மகன் கேட்க மாட்டார் அம்மா, மகன் மாதிரி வேறை ஆரும் கேட்பினம்."

நான்காம் வாரத்தில், பேரன் பாடசாலைக்குச் சென்றிருந்த ஒரு முற்பகலிலே, அம்மையார் பனைநிழலில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி, நலம் கூறி, நலம் விசாரித்து, கிணற்று நீர் உவர்ப்பதைச் சொல்லி, அதன் பின்னரே பிள்ளையின் செய்திக்கு வந்தார். கடிதத்தின் முறை அது. ஒரு மணி நேரத்துக்கு மேற் சென்றது. இருமுறை முழுவதும் அழிந்து போயிற்று. அனுப்பியபின், முன்பு அஞ்சலகத்திலிருந்து திரும்பும்போது இருந்ததைப் போல ஓர் ஆறுதல் ஏற்பட்டது.

ரொறன்ரோவில் அப்பொழுது நடுநிசி. விடிந்ததும் மறுமொழி வந்தது, நீண்ட மறுமொழி, ஆங்கில எழுத்திலே. அம்மையார் அதனைச் சற்று நேரம் பார்த்தார். பேரன் திண்ணையில்தான் இருந்தான். கூப்பிட்டால் வாசித்துக் காட்டியிருப்பான். அவர் கூப்பிடவில்லை. விரலால் இரண்டே சொற்கள் எழுதி அனுப்பினார்: "தமிழில் எழுது."

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை வந்தது. லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்தன; ஒற்றுகள் சில இல்லை; பள்ளி விட்டபின் அவன் தமிழ் எழுதி எத்தனை ஆண்டுகளோ. அம்மையார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெல்ல வாசித்தார். ஓரிடத்தில் நின்று திரும்ப வாசித்தார்.

"மாமா என்ன எழுதியிருக்கிறார் அம்மம்மா?" என்று பேரன் எட்டிப் பார்த்தான்.

"சுகம் விசாரிச்சிருக்கிறார்" என்று சொல்லி, திரையை அணைத்துப் பேசியை மடியில் வைத்துக்கொண்டார். "நீ போய்ப் புத்தகத்தை எடு, ராசா."